எம்ஜிபி காரின் மட்கார்டை அகலமாக்குவது: தகடா, பைபரா, உப்புக் காற்றில் எது நிற்கும்?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். வீட்டில் 1967 எம்ஜிபி நிற்கிறது, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு சீட், மடக்குக் கூரை. அதில் 15 இஞ்ச் டிஸ்க் (டயர் மாட்டும் சக்கரம்) போட்டு 205/50 டயர், அதாவது 205 மி.மீ. அகல டயர், மாட்ட வேண்டும், அதற்காக நாலு மட்கார்டையும் வெளியே தள்ளி அகலமாக்க வேண்டும், பைபரில் செய்யலாமா தகட்டில் செய்யலாமா. வண்டி கீழக்கரையிலேயே, கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் நிற்கப்போகிறது. நான் மண்டபம் பக்கம் பன்னிரண்டு வருடம் பைபர் படகு மோல்டு போட்டவன், அதற்கப்புறம் இன்றுவரை டிங்கர் பட்டறை. இரண்டு வேலையும் கைக்குத் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பைபரா தகடா என்பதை முதலில் எடுக்காதீர்கள். முதல் கேள்வி டயர். 67-ம் வருட எம்ஜிபியில் இன்று பலர் மாட்டியிருப்பது 165 ஆர்14 அளவு, அதன் மொத்த உயரம் சுமார் 626 மி.மீ. வரும். நீங்கள் சொல்லும் 205/50 ஆர்15 கணக்குப் போட்டால் 586 மி.மீ.தான். அதாவது டயர் 40 மி.மீ. குள்ளம், வண்டி 20 மி.மீ. கீழே இறங்கும். ஏற்கனவே தரையை ஒட்டிப் போகிற வண்டி அது, நம் ஊர் வேகத்தடைகளில் சைலன்சர் உரசும். கியரும் குறுகிவிடும், அதே வேகத்துக்கு இன்ஜின் கூடச் சுற்றும். சக்கர வளைவுக்குள் மேலே ஒரு பெரிய இடைவெளி தெரியும், அகல மட்கார்டுக்கு அதைவிட அசிங்கம் வேறில்லை. இதற்குப் பதிலாக 185/65 ஆர்15 போட்டால் உயரம் 621 மி.மீ., கிட்டத்தட்ட பழைய அளவேதான், ஸ்விஃப்ட் டிசையரில் வருகிற அளவு என்பதால் ராமநாதபுரத்தில் எந்த டயர் கடையிலும் கிடைக்கும். அகலம் 20 மி.மீ. மட்டும் கூடுகிறது, பக்கத்துக்கு 10. அவ்வளவுக்குத்தான் இடம் தேட வேண்டும். இந்த ஒரு முடிவை எடுத்தாலே பாதி வெட்டு வேலை காணாமல் போய்விடும், அதனால்தான் டயரை முதலில் சொல்கிறேன். உங்கள் வண்டியில் கம்பிச் சக்கரம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பிச் சக்கர வண்டிக்கும் போல்ட் டிஸ்க் வண்டிக்கும் பின் ஆக்சில் நீளமே வேறு. இணையத்தில் யாரோ சொன்ன ஆஃப்செட்டை (டிஸ்க்கை மாட்டும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு) நம்பி டிஸ்க் வாங்க வேண்டாம், உங்கள் வண்டியில் அளந்தபிறகு வாங்குங்கள்.

அளப்பது எப்படி? முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கி வைத்து சக்கரத்தை ரப்பர் ஸ்டாப் வரை மேலே தூக்குங்கள், அதே நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்புங்கள். நேராக நிற்கும்போது தொடாத டயர், முழுத் திருப்பத்தில் அதன் முன் விளிம்பும் பின் விளிம்பும் வெளியே வந்து மட்கார்டைக் கடிக்கும். மட்கார்டின் உள்ளே களிமண் உருண்டைகளை ஒட்டி வைத்துத் திருப்பிப் பார்த்தால் எங்கே எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று மண்ணே காட்டிவிடும். பின்னால் பட்டா ஸ்பிரிங், திருப்பத்தில் ஆக்சில் மொத்தமாகப் பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், அதனால் பின்னால் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி வையுங்கள், முன்னால் 10 முதல் 15 போதும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பழைய மட்கார்டின் லிப்பை, அதாவது சக்கர வளைவில் உள்ளே திரும்பும் விளிம்பை, வெட்டாமல், அதன் மேல் ஒரு அகலத் தொப்பியை மட்டும் ஒட்டிவிட்டு டயரை வெளியே தள்ளினால் என்ன ஆகும்? வண்டி நிற்கும்போது அழகாக இருக்கும். இரண்டு பேரும் சாமானுமாக ஒரு பள்ளத்தில் இறங்கினால் டயர் மேலே போகும், உள்ளே ஒளிந்திருக்கும் பழைய லிப் கத்தி மாதிரி டயரின் தோளைக் கிழிக்கும். டயர் எவ்வளவு வெளியே வருகிறதோ அந்த அளவுக்கு உள்ளே இருக்கும் விளிம்பும் விலகியாக வேண்டும். மடித்தோ, இழுத்தோ, வெட்டியோ, ஏதாவது ஒன்று.

வெட்டுவதற்கு முன்னால் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதோடு 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு விதி இருக்கிறது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ எழுத்து போட்ட தனி எண் தருவார்கள், புதுப் பதிவுக்கு ₹20,000. ஆனால் சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. உங்கள் வண்டி வயதில் தகுதி உள்ளது. எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ், அதனால் பின் மட்கார்டை வெட்டுவது ஷெல்லையே வெட்டுவது மாதிரி. ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ரம்பத்தை எடுங்கள்.

சரி, என் யோசனை. முன்னால் பைபர், பின்னால் தகடு. பாதிப் பாதி என்று நினைக்க வேண்டாம், காரணம் வண்டியின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. 1962 முதல் 1980 வரை செய்த எல்லா எம்ஜிபியிலும் முன் மட்கார்டு போல்ட் போட்டு மாட்டியது, பின் மட்கார்டு பாடியோடு வெல்டிங் செய்தது. முன்னால் ஒற்றைத் தகடு. பின்னால் வெளித்தகடு ஒன்று, உள் வளைவு ஒன்று, இரண்டும் லிப்பில் சேருகின்றன. ஆகவே முன்னால் பழைய மட்கார்டைக் கழற்றித் துணி சுற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, அகலத்தோடு சேர்த்தே ஒரே துண்டாக முழுப் பைபர் மட்கார்டு செய்து பழைய துளைகளிலேயே மாட்டலாம். என்றைக்கு வேண்டுமானாலும் ஒரு நாள் வேலையில் வண்டியைப் பழையபடி ஆக்கிவிடலாம். தகடு மேல் பைபரை ஒட்டுகிற வேலையே இல்லை, ஒட்டு இல்லாவிட்டால் உப்பு உட்கார இடமும் இல்லை.

அந்த ஒட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒரு பழைய வண்டிக்கு நான் செய்த வேலை அது. பைபர் தொப்பி செய்து, மட்கார்டு மேல் வைத்து, அலுமினிய பாப் ரிவெட் அடித்து, விளிம்பைப் பட்டி போட்டு மூடி, பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். முதல் வாடைக்காற்று முடிந்ததும் ஒவ்வொரு ரிவெட்டின் நடுவிலிருந்தும் காப்பிக் கறை மாதிரி ஒரு கோடு இறங்கியது. ரிவெட் அலுமினியம்தான், ஆனால் அதை இழுத்து உடைக்கிற ஆணியின் தலை இரும்பு, அது உள்ளேயே நின்றுவிடுகிறது. கோட்டைத் துடைத்தால் போய்விடும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் வருடம் தொப்பியைப் பெயர்த்துப் பார்த்தபோது கீழே தகடு இல்லை, சல்லடைதான் இருந்தது, விரலை அழுத்தினால் பொரி மாதிரி நொறுங்கியது. பைபர் அப்படியே புதுசாக இருந்தது. பைபருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம், அதில் வந்து உட்கார்ந்த உப்பு ஈரம், வெயிலிலும் காயாமல் உள்ளேயே வேலை பார்த்திருக்கிறது. மட்கார்டின் வெளிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறோம், நம் கடற்கரையில் அது சாவது உள்பக்கத்திலிருந்து. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தில் இணைப்புகளை முழு வெல்டிங்காகச் செய்து, பாலிசிலாக்ஸேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். இடுக்கு இருந்தால் உப்பு வரும் என்கிற அதே கணக்குதான். மட்கார்டுக்கும் அந்தக் கணக்கையே வையுங்கள்.

இனி முன் மட்கார்டு. பழையதை வண்டியிலேயே மாட்டிவைத்து, மேலே முழுக்க பிரவுன் டேப் ஒட்டி மூடுங்கள், அப்போதுதான் அதன் பெயின்ட் பிழைக்கும். டேப்பின் மேல் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் துண்டுகளை ஒட்டி ஹேக்ஸா பிளேடால் செதுக்குங்கள். தெர்மோகோல் வேண்டாம், பாலியஸ்டர் ரெசின் பட்டால் சர்க்கரை மாதிரி கரைந்துவிடும். எவ்வளவு வெளியே? 185 டயருக்கு 25 மி.மீ. போதும். வடிவத்தைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். படகு கட்டும் ஓடாவி பலகை வைப்பதற்கு முன்னால் நீளமான மெல்லிய ரீப்பரை வங்குகள் (படகின் குறுக்குச் சட்டங்கள்) மேல் வளைத்துப் பார்ப்பார், ரீப்பர் எங்கே தொடாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம், எங்கே முட்டுகிறதோ அங்கே மேடு. கதவு ஓரத்திலிருந்து ஹெட்லைட் வரைக்கும் அதே மாதிரி ஒரு ரீப்பரை வளைத்து ஓட்டிப் பாருங்கள். புதுப் புடைப்பு எங்கே தொடங்கியது என்று ரீப்பர் காட்டக் கூடாது, அதுவரைக்கும் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபோமின் மேல் பட்டி, அதன் மேல் பிரைமர், அதையும் 400 பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தபிறகு இரவில் ஒரு டியூப்லைட்டை நீளவாக்கில் பிடித்து, மேற்பரப்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். டியூப்லைட்டின் பிம்பம் நேராக ஓடி வந்து புடைப்பில் மெதுவாக வளைந்து மறுபடி நேராக வேண்டும். ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. பகலில் இது தெரியவே தெரியாது. கையால் தடவிப் பார்ப்பதென்றால் உள்ளங்கைக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பருத்தித் துணியை வையுங்கள், வெறும் கைக்குத் தெரியாத மேடு துணி வழியாகத் தெரியும். ஏன் என்று என்னால் விளக்க முடியாது, பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறோம்.

இடதுக்குச் செய்த மோல்டு வலதுக்கு உதவாது, இரண்டும் கண்ணாடிப் பிம்பம். அதனால் இடது முடிந்ததும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஓர் அட்டையை வெட்டி, வளைவின் அச்சை எடுத்து எண் போட்டு வையுங்கள், அதே அட்டைகளைத் திருப்பிப் போட்டு வலது பக்கத்தைச் செதுக்க வேண்டும். ஆனால் பழைய எம்ஜிபியில் இரண்டு பக்கமும் தொழிற்சாலையிலிருந்தே மிகச் சரியாக ஒன்றாக இருக்காது, ஐம்பது வருடத்தில் வாங்கிய அடி வேறு. அட்டையை மட்டும் நம்பாமல் டயர் நடுவிலிருந்து லிப் வரை நாலு இடத்தில் டேப் வைத்துச் சரிபாருங்கள்.

தேய்த்து முடித்த இந்த வடிவத்தின் மேல் மோல்டு எடுத்து, அந்த மோல்டுக்குள்தான் மட்கார்டு போட வேண்டும். மோல்டு எடுக்கும்போது லிப் உள்ளே திரும்புகிற இடம் மாட்டிக்கொள்ளும். அங்கே மோல்டை இரண்டு துண்டாக, நடுவில் போல்ட் போட்ட பட்டையோடு செய்யுங்கள், இல்லாவிட்டால் சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மெழுகு ஐந்தாறு கோட், ஒவ்வொன்றும் காய்ந்தபின் பளபளக்கத் துடைத்து, அதன் மேல் ஒட்டாமல் பிரிய வைக்கும் பிவிஏ பூச்சு. மட்கார்டு போடும்போது முதலில் ஜெல்கோட் (வெளித்தோலாகும் ரெசின் பூச்சு) அரை மி.மீ., அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் முதல் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) சதுர மீட்டருக்கு 300 கிராம், அப்புறம் 450 கிராம் இரண்டு. மொத்தம் 3 மி.மீ. வரும், அதற்கு மேல் தடிமன் வேண்டாம், கனம்தான் கூடும். மேட் ஒரு கிலோ என்றால் ரெசின் இரண்டரை கிலோ. படகுக்குப் போடுகிற ரோவிங்கை (தடித்துப் பின்னிய கண்ணாடி நார்த் துணி) இங்கே போடாதீர்கள். படகில் அது பலம். காரில் நாலு மாதம் வெயிலில் நின்றதும் பாய் பின்னல் மாதிரி பெயின்ட் வழியாகத் தெரியும். கூர்மையான மூலையில் மேட் படியாது, ஜெல்கோட்டுக்குப் பின்னால் காற்று நின்றுவிடும், பிறகு சாவி பட்டாலே முட்டை ஓடு மாதிரி உடையும். அதனால் எந்த மூலையும் குறைந்தது 5 மி.மீ. உருண்டையாக இருக்கட்டும்.

ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டின் அளவு நம் ஊர் வெயிலுக்கு ஏற்ப மாறும். வெயில் நேரத்தில் ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லி தாண்டாதீர்கள், மழைநாள் காலையில் 15, 20 வரை போகலாம். மண்டபத்தில் நாங்கள் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுவோம், அதற்குமேல் காற்று மணலை அள்ளி ஈர ஜெல்கோட்டில் வீசும், மக்கில் இருக்கும் ரெசினும் கையில் பிடிக்க முடியாத சூடாகிக் கல்லாகிவிடும். மேட் சுருளை இரவில் வெளியே போடாதீர்கள், கடல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈர மேட்டில் ரெசின் பால் மாதிரி வெளுத்துப் பிடிமானமே இல்லாமல் போகும். இன்னொன்றை மறக்கவே கூடாது. கோபால்ட்டையும் (ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைப் பயன்படுத்தாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

மட்கார்டை மோல்டிலிருந்து அவசரமாக எடுக்காமல் இரண்டு மூன்று நாள் வெயிலில் மோல்டோடு வையுங்கள். சுருங்குவதெல்லாம் அங்கேயே சுருங்கி முடியட்டும். எடுத்த பிறகு உள்பக்கம் ஒரு கோட் ஜெல்கோட் அடியுங்கள், மேட் நார் வெளியே தெரிந்தால் அதன் வழியே ஈரம் ஏறும். போல்ட் வரும் இடங்களில் உள்ளே 3 மி.மீ. அலுமினியத் தகட்டுத் துண்டை மேட்டுக்கு நடுவில் வைத்து மூடிவிடுங்கள், போல்ட் ஸ்டெயின்லெஸ், இரண்டு பக்கமும் நைலான் வாஷர்.

பின்பக்கம் வருவோம். 185 டயருக்கு வெட்ட வேண்டியதே இல்லை. லிப்பை உள்ளே மடித்து, கொஞ்சம் வெளியே இழுத்தால் 12 முதல் 15 மி.மீ. கிடைக்கும். ஹீட் கன்னால் பெயின்டைச் சூடாக்கி, ரோலரை மெதுவாக, ஒரு தடவைக்கு ஒரு மயிரளவு மட்டும் அழுத்தி, இருபது முப்பது தடவை ஓட்ட வேண்டும். அவசரப்பட்டால் மேலே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தகடு மடிந்துவிடும், அதை எடுப்பது பெரும்பாடு. லிப் மடியும்போது இரண்டு தகடுகளுக்கு நடுவிலிருக்கும் பழைய இணைப்பு வாய் திறக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் திறக்கும். அன்றைக்கே உள்ளே துருவை மாற்றும் பூச்சு விட்டு, எபாக்சி பிரைமர் கொடுத்து, பியூ சீலன்ட்டைத் தூரிகையால் இடுக்குக்குள் தள்ளுங்கள்.

இல்லை, எனக்கு 205-தான் வேண்டும் என்று நீங்கள் நின்றால் பின்னால் வெட்டித்தான் ஆக வேண்டும், அதைத் தகட்டிலேயே முழுசாகச் செய்யுங்கள். 1973 போர்ஷே காரெரா ஆர்எஸ்ஸைப் பாருங்கள், முன்னால் 6 இஞ்ச் டிஸ்க், பின்னால் 7, பின் மட்கார்டு மட்டும் தகட்டிலேயே அகலம், எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஜப்பானில் 1971-ல் வந்த ஃபேர்லேடி 240 இசட்ஜி வேறு வழி, தனித் துண்டை மேலே வைத்து மாட்டியது, மாட்டிய இடம் வெளியே தெரியும், அதுவே அதன் அழகு. எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனால் எம்ஜிபி உடம்பின் நேர்கோட்டுக்கு முதல் வழிதான் பொருந்தும்.

முதலில் 6 மி.மீ. கம்பியைப் புது லிப்பின் வடிவத்துக்கு வளைத்து, சின்னக் கால்கள் வைத்து இடத்தில் டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) அடியுங்கள். நாலு பக்கமும் நடந்து பாருங்கள், ஒரு நாள் அப்படியே விட்டு மறுநாள் மறுபடி பாருங்கள். பிறகு வெளித்தகட்டை வெட்டி, 20 கேஜ் தகட்டை மணல் பையில் மரச்சுத்தியலால் குழித்துக் கம்பிக்கும் பாடிக்கும் நடுவில் பொருத்த வேண்டும். உள் வளைவைக் கத்தரியால் பல இடத்தில் நறுக்கி, இதழ் மாதிரி வெளியே வளைத்து, புதுத் தகட்டோடு சேர்த்து, இடைவெளிகளையெல்லாம் துண்டு வைத்து அடைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பாடியின் பலமும் போகும், டயர் அடிக்கிற தண்ணீர் நேரே டிக்கிக்குள் வரும். வெல்டிங் தொடர்ச்சியாக இழுக்காதீர்கள், ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, தொட்டுப் பார்த்துச் சூடு ஆறினபிறகு அடுத்தது. கேஸ் வெல்டிங்கிலோ டிக் (TIG) வெல்டிங்கிலோ வைத்தால் வெல்டு மிருதுவாக இருக்கும், பின்னால் டாலி (இரும்புக் கட்டி) பிடித்துத் தட்டிச் சமமாக்கலாம். சிஓடூ வெல்டு கடினம், தட்டினால் விரியும், அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பட்டி 2 மி.மீ.க்கு மேல் வேண்டியிருந்தால் தகட்டு வேலை முடியவில்லை என்று அர்த்தம். பட்டி தண்ணீரை உறிஞ்சும், அதனால் வெறும் தகட்டின் மேல் நேரே போடாமல் எபாக்சி பிரைமரின் மேல்தான் போட வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் உள்ளே கேவிட்டி மெழுகு அடித்து, கீழே தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் பாருங்கள். எம்ஜிபியில் முன் சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டு கீழே வந்து சில் எனப்படும், கதவுக்குக் கீழே ஓடும் பாடிப் பகுதியோடு சேரும் இடத்தில் சேறு தங்கும், பைபர் மட்கார்டு போட்டாலும் அங்கே இருக்கும் தகடு பழையதுதான். தனுஷ்கோடி பக்கம் போய்வந்தால் அன்றைக்கே குழாயை உள்ளே விட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

இப்போதைக்கு டயரும் டிஸ்க்கும் வாங்க வேண்டாம். நாலு சக்கரத்திலும், டயரின் உள்விளிம்பிலிருந்து பக்கத்துத் தகடு அல்லது ஸ்பிரிங் வரைக்கும் ஒன்று, வெளிவிளிம்பிலிருந்து லிப் வரைக்கும் ஒன்று, ஆக எட்டு அளவு எடுத்து எழுதுங்கள், கம்பிச் சக்கரமா டிஸ்க்கா என்பதையும் சேர்த்து. 185 உள்ளே அடங்குமா, டிஸ்க் எந்த ஆஃப்செட்டில் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.